பெரிய ரோமானிய வெண்கல நாணயங்கள் சேர்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருபது வருடமாக ரோமானிய செஸ்டர்ஷியஸ் சேர்க்கிறேன். வேலைக்காக இங்கிலாந்தில் இருந்த ஆறு வருடத்தில் வாங்கியவைதான் அதிகம். கோவைக்குத் திரும்பிய பிறகு, கண்காட்சிகளில் பெட்டியைத் திறந்து வைத்தால் போதும், கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

செஸ்டர்ஷியஸ் என்றால் என்ன?

ரோமானியர்களின் பெரிய பித்தளைக் காசு. சுமார் 25 கிராம் எடை, 32 முதல் 36 மில்லிமீட்டர் அகலம். நம் பத்து ரூபாய்க் காசு 27 மில்லிமீட்டர், எடை எட்டு கிராமுக்கும் குறைவு. அப்படிப்பட்ட மூன்று காசுகளை ஒன்றாக உருக்கி அடித்தது போல இருக்கும் ஒரு செஸ்டர்ஷியஸ்.

பெயருக்கு 'இரண்டரை' என்று பொருள். ஆரம்பத்தில், கி.மு. 211 வாக்கில், இது ஒரு கிராம் அளவுள்ள குட்டி வெள்ளிக் காசு. ரோமானியர்களின் அடிப்படைக் காசான 'ஆஸ்' இரண்டரைக்குச் சமம், அதனால் அந்தப் பெயர். பிறகு கணக்கு மாறி நான்கு ஆஸ் ஆனது, பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸ் கி.மு. 23 வாக்கில் நாணய முறையைச் சீர்செய்தபோதுதான் இது பெரிய பித்தளைக் காசாக மாறியது. நான்கு செஸ்டர்ஷியஸ் ஒரு வெள்ளி தினாரியஸ். நூறு செஸ்டர்ஷியஸ் ஒரு தங்க ஆரியஸ்.

வெண்கலம் என்கிறீர்கள், பித்தளை என்கிறீர்கள். எது சரி?

சேர்ப்பவர்கள் எல்லோரும் பேச்சுவழக்கில் வெண்கலம் என்றுதான் சொல்கிறார்கள். உண்மையில் முதல் இரண்டு நூற்றாண்டு செஸ்டர்ஷியஸ் பித்தளைதான். செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது, நம் வீட்டுக் குத்துவிளக்கு மாதிரி. புதிதாக அடித்து வெளியே வந்தபோது தங்கம் போல மின்னியிருக்கும். ஆஸ் மட்டும் தனிச் செம்பு, சிவப்பாக இருக்கும். அன்றைய சந்தையில் நிறத்தை வைத்தே காசைப் பிரித்திருப்பார்கள். இன்று இரண்டும் பச்சையாகவோ பழுப்பாகவோ மாறிவிட்டதால் நமக்கு அந்த வசதி இல்லை.

இதில் ஒரு தொழில்நுட்பக் கதை இருக்கிறது. துத்தநாகத்தைத் தனியாக உருக்க ரோமானியர்களுக்கு வழியில்லை, சூடானதும் ஆவியாகிவிடும். அதனால் செம்புத் துண்டுகளையும் துத்தநாகக் கனிமத்தையும் கரித்தூளையும் மூடிய மூசையில் வைத்துச் சூடேற்றினார்கள். ஆவி வெளியேற வழியில்லாமல் செம்புக்குள் ஏறிக்கொண்டது. ஆனால் பழைய காசை மறுபடி உருக்கும்போதெல்லாம் கொஞ்சம் துத்தநாகம் ஓடிவிடும். அகஸ்டஸ் காலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இருந்த துத்தநாகம், பழையதை உருக்கி உருக்கிக் குறைந்தது. மூன்றாம் நூற்றாண்டில் வெள்ளீயமும் ஈயமும் கலந்து, நிஜமாகவே வெண்கலமாகிவிட்டது.

ஒரு செஸ்டர்ஷியஸுக்கு அந்தக் காலத்தில் என்ன கிடைத்திருக்கும்?

பொம்பெய் என்ற ரோமானிய நகரில் ஒரு மதுக்கடைச் சுவரில் விலை எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு ஆஸ் கொடுத்தால் குடிக்கலாம், இரண்டு கொடுத்தால் நல்லதாகக் குடிக்கலாம், நான்கு கொடுத்தால் உயர்ரக ஃபலெர்னியன் ஒயினே குடிக்கலாம் என்று. நான்கு ஆஸ் என்றால் ஒரு செஸ்டர்ஷியஸ். அகஸ்டஸ் காலத்துப் படைவீரனுக்கு வருடச் சம்பளம் 900 செஸ்டர்ஷியஸ், ஒரு நாளைக்கு இரண்டரை. அந்தக் காசைக் கையில் வைத்துக்கொண்டு இதை யோசித்தால் அதன் எடை வேறு மாதிரி தெரியும்.

வெள்ளி தினாரியஸ் இருக்கும்போது ஏன் இந்தப் பெரிய காசு?

இடம் இருப்பதால். தினாரியஸ் 18, 19 மில்லிமீட்டர்தான். அதில் ஒரு தலையும் ஒரு தெய்வமும் நின்றால் நிரம்பிவிடும். செஸ்டர்ஷியஸில் அச்சு வெட்டியவனுக்கு ஒரு நகரத்தையே காட்ட இடம் கிடைத்தது.

நீரோவின் துறைமுகக் காசைப் பாருங்கள். ரோமுக்கு அருகே ஆஸ்தியாத் துறைமுகத்தை மேலிருந்து பார்ப்பது போல வரைந்திருக்கிறார்கள். வளைந்த அணை, நடுவில் கப்பல்கள், கீழே சாய்ந்திருக்கும் கடல் தெய்வம். கப்பல்களின் எண்ணிக்கை அச்சுக்கு அச்சு மாறும். டைட்டஸ் வெளியிட்ட காசில் கொலோசியம் இருக்கிறது, அது திறக்கப்பட்ட கி.பி. 80ஐ ஒட்டிய காலத்தில் அடித்தது. உள்ளே உட்கார்ந்திருக்கும் கூட்டத்தைப் புள்ளி புள்ளியாக வைத்திருக்கிறார்கள். இவை இரண்டும் சாதாரண ஆள் வாங்கும் விலையில் வராது. அருங்காட்சியகத்தில் பார்த்ததோடு சரி.

எனக்கு மிகவும் பிடித்தது ஹேட்ரியனின் கடன் தள்ளுபடிக் காசு. கி.பி. 118இல் மக்கள் அரசுக்குக் கட்ட வேண்டியிருந்த பழைய பாக்கி 90 கோடி செஸ்டர்ஷியஸை அவர் ரத்து செய்தார். அந்தக் காசின் பின்பக்கத்தில் ஓர் அரசு ஊழியர் கையில் தீப்பந்தத்தோடு நின்று கடன் பத்திரக் குவியலைக் கொளுத்துகிறார். சுற்றிலும் எவ்வளவு தொகை என்பதும் எழுதியிருக்கிறது. தள்ளுபடி அறிவிப்பைச் சுவரொட்டியில் பார்த்துப் பழகிய நமக்கு இந்தக் காசை விளக்கவே வேண்டாம். அது போலவே நெர்வாவின் ஒரு காசில் இரண்டு கோவேறு கழுதைகள் அவிழ்த்துவிடப்பட்டு மேய்கின்றன. அரசுத் தபால் வண்டிச் செலவை இத்தாலி மக்கள் தலையிலிருந்து இறக்கியதைச் சொல்வதற்காக அடித்தது அது. டைபீரியஸ் காசு ஒன்று, கி.பி. 17இல் நிலநடுக்கத்தில் இடிந்த, ரோமின் ஆசிய மாகாண (இன்றைய மேற்குத் துருக்கி) ஊர்களைச் சீர்செய்து கொடுத்ததைச் சொல்கிறது.

பின்பக்கத்தில் பெரிதாக 'எஸ் சி' என்று இருக்கிறதே, அது என்ன?

'செனட்டின் தீர்மானத்தால்' என்பதன் சுருக்கம். செம்பு, பித்தளைக் காசுகளில் இது வரும். தங்கம், வெள்ளியில் பொதுவாக இருக்காது. செனட்டுக்கு நிஜமாக எவ்வளவு அதிகாரம் இருந்தது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் ஒரே கருத்து இல்லை.

எழுத்து பாதி அழிந்த காசில் வருடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் முகம். ரோமானிய அச்சு வெட்டுபவர்கள் முகத்தில் பொய் சொல்லவில்லை. நீரோவின் தடித்த கழுத்து, வெஸ்பாசியனின் சுருங்கிய நெற்றி, மாக்சிமினஸின் நீண்டு துருத்திய தாடை எல்லாம் எழுத்தே இல்லாமல் தெரியும். ஹேட்ரியனுக்கு முன்பு பெரும்பாலும் மழித்த முகம், அவருக்குப் பின் தாடி. அரசிகளுக்குக் கொண்டைதான் அடையாள அட்டை.

அப்புறம், எழுத்தில் இரண்டு பட்டங்களைத் தேடுங்கள். ஒன்று 'கான்சல்' என்ற ரோமின் உயர் ஆட்சிப் பதவி எத்தனையாவது முறை என்பது, இன்னொன்று ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்கப்படும் 'மக்கள் காவலர்' அதிகாரத்தின் எண். இரண்டாவது எண் தெரிந்தால் ஏறக்குறைய வருடத்தையே சொல்லிவிடலாம். முதலாவது மட்டும் தெரிந்தால் சில சமயம் ஏமாற்றமே: ஹேட்ரியன் மூன்றாவது கான்சல் பதவி ஏற்றது கி.பி. 119இல், அதற்குப் பிறகு ஏற்கவே இல்லை. ஆகவே 'கான்சல் 3' என்றால் 119 முதல் 138 வரை எதுவாகவும் இருக்கலாம்.

பொருத்திப் பார்க்க, அமெரிக்க நாணயவியல் சங்கம் நடத்தும் 'ஓக்ரே' என்ற இணையத் தொகுப்பு இலவசமாகக் கிடைக்கிறது. அரசர், உலோகம், பின்பக்க உருவம் என்று வடிகட்டித் தேடலாம். தொடங்குபவர்களுக்கு அதைவிட நல்ல துணை எனக்குத் தெரிந்து இல்லை.

முதல் நாணயமாக எதை வாங்கலாம்?

அன்டோனினஸ் பயஸ், அவர் மனைவி மூத்த ஃபாஸ்டினா, மார்கஸ் அரேலியஸ், செவெரஸ் அலெக்சாண்டர், மூன்றாம் கோர்டியன். இவர்களுடைய செஸ்டர்ஷியஸ் நிறையக் கிடைக்கிறது. தேய்ந்து, முகம் தெளிவாகத் தெரிகிற மாதிரியான ஒன்றை நூறு யூரோவுக்குள் நான் பல முறை வாங்கியிருக்கிறேன். பெர்டினாக்ஸ், டிடியஸ் ஜூலியானஸ் பெயரில் யாராவது மலிவாகக் கொடுத்தால் நகர்ந்துவிடுங்கள். இருவரும் கி.பி. 193இல் சில மாதங்களே ஆண்டவர்கள், அவர்கள் காசு மலிவாக இருக்க வழியே இல்லை.

தேய்ந்ததை வாங்கலாமா? எல்லோரும் பளிச்சென்று இருப்பதைத்தான் வாங்கச் சொல்கிறார்கள்.

வாங்கலாம். வாங்குங்கள் என்றே சொல்வேன். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

செஸ்டர்ஷியஸ் தலைமுறை தலைமுறையாகப் புழங்கிய காசு. பிரான்சில் போர்தோவுக்கு அருகே கரோன் ஆற்றில் மணல் அள்ளியபோது சுமார் 4,000 செஸ்டர்ஷியஸ் கிடைத்தன. இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் ஒரு படகோடு மூழ்கியவை. அந்தக் குவியலில் கிளாடியஸ் காலத்துக் காசு முதல் அன்டோனினஸ் பயஸ் காலத்துக் காசு வரை கலந்து இருந்தன. அதாவது நூறு வருடப் பழைய காசும் புதுக் காசும் ஒரே பணப்பையில் போய்க்கொண்டிருந்தன. அதற்கும் நூறு வருடம் கழித்து, கி.பி. 260களில் காலியப் பகுதியை (இன்றைய பிரான்சை ஒட்டியது) ஆண்ட போஸ்டுமஸ் என்பவர், டிராஜன், ஹேட்ரியன் காலத்துத் தேய்ந்த காசுகளை எடுத்து அவற்றின் மேலேயே தன் அச்சை அடித்தார். சில காசுகளில் போஸ்டுமஸ் தாடிக்குப் பக்கத்தில் பழைய அரசரின் மூக்கோ எழுத்தோ மங்கலாகத் தெரியும்.

அந்தத் தேய்மானம் கைகள் செய்தது. என்னிடம் 23 கிராம் எடையுள்ள ஒரு மூத்த ஃபாஸ்டினா இருக்கிறது. அவர் கி.பி. 140 வாக்கில் இறந்தார், அதன் பிறகு இருபது வருடம் கணவர் அவர் நினைவாகக் காசு அடித்துக்கொண்டே இருந்தார். என் காசில் கன்னமும் கழுத்தும் சோப்பு போல வழவழப்பாகிவிட்டன. உச்சியில் சுற்றி வைத்த கொண்டையில் முத்துச்சரம் மட்டும் ஐந்தாறு மேடாக நிற்கிறது, கட்டைவிரலால் தடவினால் எண்ணலாம். பின்பக்கத்தில் நிற்கும் பெண்ணுக்கு முகமே இல்லை. விளிம்பில் அடிக்கும்போதே விழுந்த ஒரு பிளவு. பச்சை எல்லா இடத்திலும் ஒரே சீராக, வாழையிலையின் முதுகு நிறத்தில் இருக்கிறது. யாரும் அதைத் தொடவில்லை. அதைவிட நான்கு மடங்கு விலை கொடுத்து வாங்கிய, கூர்மையாகத் தெரிந்த ஒரு டிராஜன் என்னிடம் இருந்தது. அதன் கதை அடுத்த பதிலில்.

'டூலிங்' என்கிறார்களே, அது என்ன?

தேய்ந்த காசை எடுத்து, நுண்ணிய உளியால் தலைமுடி, ஆடை மடிப்பு, எழுத்து எல்லாவற்றையும் திரும்பச் செதுக்கி எடுப்பது. சுற்றியுள்ள தளத்தை மட்டும் சுரண்டி வழவழப்பாக்குவதை 'ஸ்மூத்திங்' என்பார்கள். பெரிய பரப்பு இருப்பதால் ரோமானியக் காசுகளில் செஸ்டர்ஷியஸ்தான் இதற்கு அதிகம் பலியாகிறது.

என் டிராஜனை விற்றவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாங்கி மூன்று வருடம் கழித்து, ஒரு மாலை ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது பத்து மடங்கு லென்ஸில் பார்த்தேன். முடி இழைகள் ஒரே அகலத்தில், சீப்பால் கோடு கிழித்தது போல ஓடின. அச்சில் அடித்த முடியில் ஒவ்வொரு இழையும் தடித்து மெலிந்து போகும். எழுத்துகளின் காலடியில் சின்னப் பள்ளம், சுற்றிலும் தளம் தட்டையாக இறங்கியிருந்தது. கோடுகளுக்குள் பச்சை இல்லை, கறுப்பு மெழுகு. அதே அச்சில் அடித்த வேறொரு காசின் படத்தை ஓக்ரேயில் எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அதில் தோளில் ஆடை மடிப்பு மூன்று, என்னுடையதில் ஐந்து. இரண்டாயிரம் வருடம் முன்பு ஒருவன் வெட்டிய முகத்தைப் போன நூற்றாண்டிலோ இந்த நூற்றாண்டிலோ யாரோ அழித்துவிட்டு வேறு முகம் செய்திருக்கிறார். எனக்கு அன்று பணம் போனதைவிட அதுதான் வலித்தது.

அதனால், வாங்கும் முன் அதே வகையின் வேறு காசுகளின் படங்களைப் பாருங்கள். உடல் முழுக்கத் தேய்ந்திருக்க முடி மட்டும் கூர்மையாக இருந்தால் சந்தேகப்படுங்கள். விற்பவரிடம் "ஏதாவது செதுக்கியிருக்கிறதா?" என்று எழுத்தில் கேளுங்கள்.

போலிகளை எப்படிக் கண்டுபிடிப்பது?

போலி இன்று நேற்றுத் தொடங்கியது இல்லை. பதினாறாம் நூற்றாண்டில் இத்தாலியின் பதுவா நகரில் ஜியோவானி டா கவினோ என்பவர் ரோமானிய செஸ்டர்ஷியஸ், பதக்கங்கள் பாணியில் அச்சு வெட்டி அழகழகாக அடித்தார். அவற்றைப் 'பதுவான்' என்கிறோம். அவையே இப்போது தனியாகச் சேர்க்கப்படும் பொருள். ஆனால் அவற்றிலிருந்து பின்னாளில் எடுத்த வார்ப்புகள் எக்கச்சக்கம்.

வார்த்த காசில் எழுத்தின் ஓரம் உருண்டிருக்கும், பரப்பில் ஊசி குத்தியது போலக் குமிழ்த் துளைகள் இருக்கும், விளிம்பில் இரண்டு அச்சும் சேர்ந்த கோட்டை அரம் போட்டுத் தேய்த்த தடம் இருக்கும். எடை வழக்கத்தைவிட மிகவும் மாறியிருக்கலாம். ஒரே கீறல், ஒரே பிளவு இரண்டு காசுகளில் ஒரே இடத்தில் இருந்தால் இரண்டும் ஒரு தாய்க் காசிலிருந்து வார்த்தவை. அச்சு ஒன்றாக இருக்கலாம், விபத்து ஒன்றாக இருக்காது. இன்று இயந்திரத்தில் அடிக்கும் போலிகளும் வருகின்றன. அவற்றைக் கண்டுபிடிக்க நல்ல காசுகள் நிறையப் பார்த்த கண் வேண்டும். அது வரும்வரை, பணம் திருப்பித் தரும் உறுதி எழுதிக் கொடுக்கும் வியாபாரியிடம் மட்டும் வாங்குங்கள். துருக்கியிலோ இத்தாலியிலோ இடிபாடுகளைச் சுற்றிப் பார்க்கும்போது கைக்குள் மறைத்துக் காட்டுபவரிடம் வாங்கவே வேண்டாம். ஒன்று போலி, அல்லது கடத்தல்.

களிம்பு ஏறியிருக்கிறது. புளி போட்டு விளக்கலாமா?

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம்.

சேர்க்கத் தொடங்கிய வருடத்தில் நான் செய்தேன். மூன்றாம் கோர்டியன் செஸ்டர்ஷியஸ் ஒன்று, கரும்பச்சைப் படலம். வீட்டில் பித்தளைச் சொம்பைப் புளி போட்டு விளக்கினால் தங்கமாக வருகிறதே என்று ஓர் இரவு புளித்தண்ணீரில் போட்டு வைத்தேன். காலையில் தண்ணீர் பச்சை. காசு செங்கல் நிறத்தில், அம்மை போட்ட முகம் போலக் குழிகுழியாகக் கிடந்தது. நேற்று வரை படித்த பெயரில் பாதி எழுத்து காணவில்லை.

காரணம் பிறகுதான் புரிந்தது. மண்ணுக்குள் இருந்த காலத்தில் காசின் மேல்தோல் அப்படியே கனிமமாக மாறிவிடுகிறது. அச்சில் விழுந்த எழுத்து இப்போது இருப்பது அந்தப் பச்சைத் தோலில்தான், அடியில் இருக்கும் உலோகத்தில் இல்லை. புளி, எலுமிச்சை, வினிகர், கடையில் விற்கும் பாலிஷ் எல்லாமே அந்தத் தோலைக் கரைத்துவிடும். கரைந்தது திரும்ப வளராது.

மண் மட்டும் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறப்போடுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை நீரை மாற்றுங்கள், வாரக்கணக்கில் ஆகலாம். மெல்லிய தூரிகை, மரப் பல்குச்சி போதும். கம்பித் தூரிகை கூடாது. மஞ்சளாகப் பித்தளை நிறத்திலேயே இருக்கும் காசுகளும் உண்டு, ஆற்றுச் சேற்றில் காற்றுப் படாமல் கிடந்தவை. அந்த நிறம் இயற்கையா, யாராவது உரித்ததா என்று பார்த்து வாங்குங்கள்.

வெளிர்பச்சைத் தூள் உதிர்கிறது. ஆபத்தா?

ஆம். கெட்டியாக ஒட்டியிருக்கும் பச்சை நல்லது. நகத்தால் தொட்டால் மாவு போல உதிரும் வெளிர்பச்சைப் பொட்டு என்றால் அது வெண்கல நோய். செம்போடு சேர்ந்த குளோரைடு உப்பு காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து அமிலமாகி உலோகத்தைத் தின்னும், அதில் மீண்டும் அதே உப்பு உருவாகும். ஈரம் இருக்கும்வரை நிற்காது.

முதலில் அந்தக் காசை மற்றவற்றிலிருந்து பிரித்துத் தனியே வையுங்கள். லென்ஸில் பார்த்துக்கொண்டே மரக்குச்சியால் தூளைச் சுத்தமாக எடுங்கள். காய்ச்சி வடித்த நீரில் மாற்றி மாற்றி ஊறவைத்து உப்பை இழுத்துவிடுங்கள். பிறகு நன்றாக உலர்த்தி, சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் ஒரு மாதம் கண்காணியுங்கள். மறுபடி பொட்டு வந்தால் மறுபடி முதலிலிருந்து. விலை உயர்ந்த காசு என்றால் உலோகப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் கொடுங்கள். அவர்கள் பயன்படுத்தும் பென்சோட்ரையசோல் நச்சுத்தன்மை உள்ளது, வீட்டில் வைத்து விளையாட வேண்டாம்.

நம் ஊர்ச் சூட்டிலும் ஈரத்திலும் எப்படிப் பாதுகாப்பது?

எதிரி ஈரமும் உப்பும்தான். சென்னை, தூத்துக்குடி போலக் கடலோரத்தில் இருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். இறுக்கமாக மூடும் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், நிறம் மாறியதும் அதைச் சூடாக்கி உலர்த்தி மறுபடி போடுவது. இவ்வளவுதான் என் முறை. மெத்தென்று வளையும் மலிவு பிளாஸ்டிக் உறைகள் பிவிசி. நாளாக நாளாகப் பிசுபிசுப்பான பச்சை எண்ணெயைக் காசில் விட்டுவிடும். ரப்பர் பேண்டும் பக்கத்தில் இருக்கக் கூடாது. கை வியர்வையில் உப்பு இருப்பதால், கையைக் கழுவித் துடைத்துவிட்டு விளிம்பைப் பிடித்துத் தூக்குங்கள்.

செஸ்டர்ஷியஸ் தவிர வேறு பெரிய வெண்கலங்கள் உண்டா?

உண்டு. குடியரசுக் காலத்து 'ஏஸ் கிராவே' அச்சில் அடித்ததல்ல, வார்த்தது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் ஒரு ஆஸ் ஒரு ரோமானியப் பவுண்டு எடையை, அதாவது 320 கிராமுக்கு மேல், ஒட்டி இருந்தது. உள்ளங்கையில் வைத்தால் கை தாழும். டிராஜன் டீசியஸ் கி.பி. 249 முதல் 251 வரையான ஆட்சியில் கதிர்முடி வைத்த இரட்டை செஸ்டர்ஷியஸ் அடித்தார். டயோக்ளேஷியன் 294 வாக்கில் கொண்டுவந்த, மேலே வெள்ளிப் பூச்சுள்ள பத்து கிராம் காசைச் சேர்ப்பவர்கள் 'ஃபாலிஸ்' என்பார்கள். கான்ஸ்டான்டிநோபிளில் ஜஸ்டினியன் 538, 539இல் அடித்த காசு 40 மில்லிமீட்டர் அகலம் வரை போகும். அதில் ஆட்சி ஆண்டு 12 என்றே எழுதியிருக்கும்.

ஆனால் நம்மவர்களுக்கு நான் காட்டுவது அலெக்சாண்ட்ரியாவின் வெண்கல திராக்மாவைத்தான். ரோமானிய எகிப்துக்கென்று தனி நாணயம், கிரேக்க எழுத்து, செஸ்டர்ஷியஸ் அளவு. அன்டோனினஸ் பயஸின் எட்டாம் ஆட்சி ஆண்டில், கி.பி. 144, 145இல், அங்கே ராசி வரிசை ஒன்று வந்தது. சிம்மத்தோடு சூரியன், கடகத்தோடு சந்திரன், மேஷத்தோடு செவ்வாய், மகரத்தோடு சனி. நம் பஞ்சாங்கத்தில் இருக்கும் அதே ராசி அதிபதிகள். முதன்முதலில் அந்தப் படங்களை வரிசையாகப் பார்த்தபோது, ஜாதகக் கட்டம் தெரிந்த என் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கிரேக்கம் தெரியாமலே அவர் ஒவ்வொன்றாகச் சரியாகச் சொல்லிக்கொண்டு போனார்.

தமிழ்நாட்டில் செஸ்டர்ஷியஸ் கிடைக்குமா?

கிடைப்பது மிக மிக அரிது. நம் மண்ணில் கிடைத்த ரோமானியக் காசுகளில் முதல் நூற்றாண்டைச் சேர்ந்தவை பெரும்பாலும் தங்கமும் வெள்ளியும்தான். அகஸ்டஸ், டைபீரியஸ் தினாரியஸ்கள் கோவைப் பகுதியில் நிறைய. புதுக்கோட்டையில் 1898இல் கிடைத்த புதையலில் மட்டும் 501 தங்கக் காசுகள். யவனர் பொன்னோடு வந்து மிளகோடு போனதாகத்தான் சங்கப் பாட்டும் சொல்கிறது. பித்தளைக் காசின் மதிப்பு ரோமானிய அரசின் ஆணைக்குள் மட்டும் செல்லும். முசிறியில் மிளகு விற்றவருக்கு அது வெறும் பித்தளைத் துண்டு.

ஆனாலும் கணக்கு எழுதியது செஸ்டர்ஷியஸில்தான். இந்தியா வருடத்துக்கு 5 கோடி செஸ்டர்ஷியஸை உறிஞ்சிக்கொள்கிறது என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி குறைப்பட்டது முதல் நூற்றாண்டில்.

கரூரில் அமராவதி ஆற்றிலும் மதுரையிலும் கிடைக்கும் ரோமானியச் செம்புக் காசுகள் வேறு. அவை நான்கு, ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த குட்டிக் காசுகள், சில ஒரு சுண்டைக்காய் அளவுகூட இருக்காது. இலங்கையிலும் அவை ஏராளம், அவற்றைப் பார்த்து உள்ளூரில் செய்தவையும் உண்டு.

சட்டப்படி வைத்துக்கொள்ளலாமா?

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடத்துக்கு மேற்பட்ட காசு தொல்பொருள். சேகரிப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. தொழிலாக விற்க உரிமம் வேண்டும். தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. வெளிநாட்டில் வாங்கி இங்கே கொண்டுவந்த காசை ஒருநாள் அங்கேயே ஏலத்துக்கு அனுப்பிக்கொள்ளலாம் என்ற கணக்கில் வாங்காதீர்கள். பில், ஏல எண், முந்தைய உரிமையாளர் விவரம் எல்லாவற்றையும் காசோடு சேர்த்து வையுங்கள். மண்ணுக்கு அடியில் புதையலாகக் கிடைத்தது பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது என்றால், 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும். எடுத்த இடத்தைக் குறித்துவைப்பது காசைவிட முக்கியம் என்பேன். இடம் தெரியாத காசு பாதிதான் பேசும்.

செஸ்டர்ஷியஸ் ஏன் நின்றுபோனது?

வெள்ளியால். காரகல்லா 215இல் இரட்டை தினாரியஸ் மதிப்பில் ஒரு புதுக் காசு கொண்டுவந்தார், ஆனால் அதில் வெள்ளி இரண்டு மடங்கு இல்லை. அடுத்த ஐம்பது வருடத்தில் அதிலும் வெள்ளி கரைந்து பூச்சளவுக்கு வந்துவிட்டது. விலைவாசி ஏற ஏற, 20 கிராம் உலோகத்தைச் செலவழித்து இவ்வளவு குறைந்த மதிப்புள்ள காசை அடிப்பது அரசுக்குக் கட்டுப்படியாகவில்லை. மூன்றாம் நூற்றாண்டுக் காசுகள் எடை குறைந்து, நீளக் கம்பியிலிருந்து வெட்டியதால் சதுரமாக மூலை துருத்தி வருவதைப் பார்க்கலாம். போஸ்டுமஸோடு ஏறக்குறைய முடிந்தது.

குழந்தைகள் கையில் கொடுக்கலாமா?

கொடுங்கள். கீழே ஒரு மடித்த துண்டை விரித்துவிட்டுக் கொடுங்கள். நான் எப்போதும் அந்த வழவழத்த ஃபாஸ்டினாவைத்தான் கொடுப்பேன், இனி அதற்குத் தேய எதுவும் இல்லை.

போன தீபாவளிக்கு அக்கா மகள் அதை வாங்கியதும் உடனே சுண்டப் பார்த்தாள், பூவா தலையா என்று. கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, ரோமானியப் பிள்ளைகளும் இதையேதான் விளையாடினார்கள் என்று சொன்னேன். அவர்களுடைய பழைய ஆஸ் காசில் ஒரு பக்கம் இருமுகத் தெய்வம் ஜானஸின் தலை, மறுபக்கம் கப்பலின் முன்பாகம். அதனால் அவர்கள் 'தலையா கப்பலா' என்று கேட்டுச் சுண்டினார்கள், கப்பல் இல்லாத காசு வந்த பிறகும் அப்படியே கேட்டார்கள். அவள் ஃபாஸ்டினாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதில் கப்பல் எங்கே, மாமா?" என்றாள். ஒரு ரூபாய்க் காசை எடுத்துக் கொடுத்தேன். அன்று சாயங்காலம் வரை வாசலில் தலையா கப்பலா நடந்தது.